இந்த மாதம் எதுவும் வெளிவரவில்லையா?

ஃப்ரீலான்ஸாக, அதாவது எந்த இதழிலும் நிரந்தர வேலையில் சேராமல், எழுத வந்தவர்கள் சில மாதங்களிலேயே என்னிடம் கேட்பது இது: "இந்த மாதம் ஒரு கட்டுரைகூட வரலையே, எனக்கு இந்தத் தொழில் சரிப்படாதோ?" மூன்று மாதத்துக்கு முன் என்னென்ன எழுதிக் கொடுத்தீர்கள் என்று திருப்பிக் கேட்பேன். பெரும்பாலும் பதில் இருக்காது. குறித்து வைத்திருக்க மாட்டார்கள்.

அச்சில் வருவது என்றோ செய்த வேலை. நாளிதழுக்குக் கொடுத்தது மறுநாளே வரலாம். மாத இதழ்களோ பல மாதங்களுக்கு முன்பே பக்கங்களைத் திட்டமிட்டுவிடும். புத்தகம் கைப்பிரதியிலிருந்து கடைக்கு வர ஓராண்டு ஆவது சாதாரணம். அதனால் ஐந்து கட்டுரை வெளிவந்த மாதத்தில் நீங்கள் ஒரு பக்கம்கூட எழுதாமல் இருந்திருக்கலாம். ஒன்றும் வராத மாதத்தில் இரவும் பகலும் உழைத்திருக்கலாம்.

இது தெரியாதபோது வரும் கேடு பெரிது. வெறுமையான மாதத்தைப் பார்த்துப் பயந்து, கேட்டவர்களுக்கெல்லாம் சரி என்று சொல்லிவிடுகிறார்கள். ஏற்கெனவே கொடுத்த கட்டுரைகள் திருத்தம் கேட்டுத் திரும்பி வரும் சமயத்திலேயே புதிய கெடுக்களும் வந்து விழுகின்றன. முதலில் அடிபடுவது சரிபார்ப்பு. பேட்டி கொடுத்தவரை மறுபடி அழைத்து ஒரு பெயரை, ஒரு தேதியை உறுதி செய்ய நேரமிருக்காது. பிறகு தூக்கம் போகும். நிறைய வெளிவந்த மாதமும் ஒருவகையில் ஆபத்துதான். அந்த நிறைவில் புதிய கட்டுரை யோசனைகளை இதழ்களுக்கு அனுப்பாமல் விட்டால், அதன் பலன் சில மாதம் கழித்துத் தெரியும்.

ஒவ்வொரு கட்டுரைக்கும் நான்கு தேதி எழுதி வையுங்கள்: யோசனை அனுப்பியது, எழுதிக் கொடுத்தது, வெளிவந்தது, சன்மானம் வந்தது. அடுத்த மாதம் எவ்வளவு வேலை ஏற்கலாம் என்பதை, கையில் இருக்கும் வேலையையும் திருத்தத்துக்குத் திரும்பி வரக்கூடியதையும் வைத்து முடிவு செய்யுங்கள். நிராகரிக்கப்பட்ட யோசனைகள், பிறர் பெயரில் எழுதிக் கொடுத்தவை, பணம் கேட்டு அனுப்பிய நினைவூட்டல்கள் எல்லாமே உழைப்புதான். வெளிவந்த பட்டியலில் இவை எதுவும் தெரியாது. ஆகவே அவற்றுக்கும் கணக்கில் ஓர் இடம் கொடுங்கள்.

நான்காவது தேதிதான் பலரை வாட்டுகிறது. ஏற்றுக்கொண்டவுடன் பணம் தரும் இதழ்கள் உண்டு. வெளியான பிறகே தருபவையும் உண்டு. இரண்டாவது வகையில், ஆசிரியர் மாறினாலோ இதழின் திட்டம் மாறினாலோ எழுதி முடித்த கட்டுரை அப்படியே நின்றுபோகும். உழைப்பு முழுதும் முடிந்தும் கைக்கு ஒன்றும் வராது. இதை நான் நியாயமாகக் கருதவில்லை. நியூயார்க் நகரில் 2017 முதல் நடப்பில் உள்ள சட்டம், ஒப்பந்தத்தில் நாள் குறிக்காவிட்டால் வேலை முடிந்த 30 நாளுக்குள் ஃப்ரீலான்ஸருக்குப் பணம் தரவேண்டும் என்கிறது. இப்படிச் சட்டம் இல்லாத இடத்தில் எழுத்துமூலமான ஒப்புதல்தான் துணை. பணம் எப்போது, எத்தனை முறை திருத்தித் தரவேண்டும், கட்டுரை கைவிடப்பட்டால் எவ்வளவு தருவீர்கள் என்ற மூன்றையும் எழுத உட்காரும் முன்பே மின்னஞ்சலில் கேட்டுப் பதில் வாங்கிவிடுங்கள். கேட்டால் வாய்ப்பு போய்விடும் என்று தயங்குகிறார்கள். நல்ல ஆசிரியர் இதற்கெல்லாம் கோபப்படுவதில்லை.

சோர்ந்துபோயிருந்த ஓர் இளைஞரை உட்கார்ந்து இந்தத் தேதிகளை எழுதச் சொன்னேன். அவர் எழுதியவற்றில் பாதி ஒரே இதழில் முடங்கிக் கிடந்தது அப்போதுதான் அவருக்கே தெரிந்தது. உங்களுக்கும் அப்படி இருந்தால் முதலில் விசாரித்து ஒரு கடிதம் எழுதுங்கள். நியாயமான அவகாசம் கொடுத்தும் பதில் இல்லையென்றால், ஒப்பந்தத்தை ஒருமுறை பார்த்துவிட்டு, கட்டுரையைத் திரும்பப் பெறுவதாக மரியாதையாக எழுதித் தெரிவியுங்கள். அதன் பிறகே வேறு இதழுக்கு அனுப்புங்கள். ஒரே கட்டுரை இரண்டு இடத்தில் வந்துவிட்டால் இரண்டு ஆசிரியர்களின் நம்பிக்கையும் போய்விடும்.