அல்மா: கன்னிகையா, இளம்பெண்ணா?

பழைய தமிழ் வேதாகமத்தில், ஏசாயா தீர்க்கதரிசியின் புத்தகத்தில் 7:14ஐப் புரட்டினால், ‘இதோ, ஒரு கன்னிகை கர்ப்பவதியாகி’ என்றிருக்கும். 1995இல் வந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியத்தில் அதே இடத்தில் ‘இளம்பெண்’ நிற்கிறாள். இரண்டுக்கும் மூலம் ஒரே எபிரேயச் சொல்தான்: அல்மா. யூதருக்கும் கிறிஸ்தவருக்கும் இந்தச் சொல்லை வைத்து ஏறத்தாழ 1,900 ஆண்டுகளாக வழக்கு நடக்கிறது.

இதன் ஆண்பால் ‘எலெம்’. கோலியாத்தை எதிர்க்கப் புறப்பட்ட தாவீதைக் காட்டி, ‘அந்தப் பிள்ளையாண்டான் யாருடைய மகன்’ என்று சவுல் விசாரிக்கிறாரே, அங்கே மூலத்தில் இருப்பது எலெம். அது அவன் வயதைச் சொல்கிறது, அவ்வளவுதான். பெண்பாலான அல்மாவும் வயதுச் சொல்லே என்பது யூதர் கட்சி. மோசேயின் அக்காளும் ஓர் அல்மா (யாத்திராகமம் 2:8). அங்கே பழைய தமிழ் வேதாகமமே வெறும் ‘பெண்’ என்றுதான் எழுதியிருக்கிறது.

கன்னிமையை அழுத்திச் சொல்ல எபிரேயத்தில் ‘பெத்துலா’ இருக்கிறது. ஏசாயாவுக்கு அதுதான் வேண்டுமென்றால் அதையே போட்டிருப்பாரே என்பார்கள். நல்ல வாதம்தான், ஆனால் அதிலும் ஓட்டை உண்டு. யோவேல் 1:8இல் தன் இளவயதின் புருஷனுக்காகப் புலம்புகிறவளும் பெத்துலாதான்.

அப்படியானால் ‘கன்னி’ எங்கிருந்து நுழைந்தது? கிரேக்கத்திலிருந்து. கிறிஸ்துவுக்கு முன்பே, கிரேக்கம் பேசிய யூதர்கள் ஏசாயாவை மொழிபெயர்த்தபோது இந்த இடத்தில் கன்னி என்று பொருள்படும் ‘பார்த்தெனோஸ்’ என்ற சொல்லைப் போட்டார்கள். புதிய ஏற்பாட்டில் மத்தேயு 1:23 இந்த வாசகத்தைத்தான் எடுத்து இயேசுவின் தாய் மரியாளுக்குப் பொருத்துகிறது. ‘சொல்லை நாங்கள் மாற்றவில்லை, உங்கள் முன்னோர் போட்டதுதான்’ என்று கிறிஸ்தவர்கள் சொல்வது இதனால்தான். ஆனால் ஆதியாகமம் 34:3இல், சீகேம் என்பவனால் கெடுக்கப்பட்ட பிறகும் யாக்கோபின் மகள் தீனாளை அதே கிரேக்கப் பழைய ஏற்பாடு பார்த்தெனோஸ் என்கிறது. அந்தச் சொல்லும் அத்தனை இறுக்கமானதல்ல.

2ஆம் நூற்றாண்டில் சண்டை முற்றியது. யூத மதத்துக்கு மாறிய ஆக்விலா புதிதாகக் கிரேக்கத்தில் பெயர்த்தபோது, பார்த்தெனோசை எடுத்துவிட்டு இளம்பெண் என்று பொருள்படும் ‘நேயானிஸ்’ என்ற சொல்லை வைத்தார். திருச்சபைத் தந்தை இரேனியு அவரைக் கடிந்து எழுதினார். 4ஆம் நூற்றாண்டில் இலத்தீனில் பெயர்த்த ஜெரோம், எபிரேயம் படித்தவராக இருந்தும் கன்னியையே வைத்துக்கொண்டார்.

உண்மையில் அகராதியை மட்டும் புரட்டி இது தீராது. கி.மு. 734 வாக்கில் தமஸ்குவும் வட இஸ்ரவேலும் சேர்ந்து எருசலேமை மிரட்டுகின்றன. அங்கே ஆளும் யூதாவின் ராஜா ஆகாஸ் நடுங்குகிறான். அல்மா பெறும் பிள்ளையை அவனுக்கு அடையாளமாகக் காட்டி, அந்தக் குழந்தைக்கு நல்லது கெட்டது தெரியுமுன் அந்த இரண்டு ராஜாக்களின் நாடும் பாழாகும் என்கிறார் ஏசாயா தீர்க்கதரிசி. எழுநூறு வருடம் கழித்துப் பிறக்கும் இயேசு ஆகாசுக்கு எப்படி அடையாளம் ஆகும் என்று யூதர் கேட்கிறார்கள். தாய் ஏசாயாவின் மனைவியே என்பது 11ஆம் நூற்றாண்டு உரையாசிரியர் ராஷியின் கருத்து. ஓர் இளம்பெண் பிள்ளை பெறுவதில் என்ன அடையாளம் இருக்கிறது என்று எதிர்க்கேள்வி போடுகிறார்கள் கிறிஸ்தவர்கள்.

சரி, தமிழில் எப்படிச் சொல்வது? பெண்ணின் பருவத்தை ஏழாகப் பிரித்த மொழி நம்முடையது. பதினான்கு முதல் பத்தொன்பது வரை மடந்தை. அல்மாவின் வயதுக்கு அது கச்சிதம். ஆனால் இன்றைக்கு யார் பேசுகிறார்கள்? எனக்குப் பிடித்த சொல் ‘குமரி’. யாழ்ப்பாணத்தில் ‘வீட்டில ரெண்டு குமர் இருக்கு’ என்றால், கலியாண வயதில் பெண்பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று பொருள். வயதுதான் பேச்சு, கன்னிமையை யாரும் சொல்வதில்லை, சந்தேகிப்பதுமில்லை. அல்மாவும் ஏறத்தாழ அப்படித்தான் என்பது என் கணிப்பு. ஆனால் குமரிக்குக் கன்னி என்ற பொருளும் இருப்பதால் யூத வாசகர் ஒப்பமாட்டார். அதனால் ஏசாயாவில் இளம்பெண்ணே இருக்கட்டும். மத்தேயு எழுதியது கிரேக்கத்தில். அங்கே கன்னியை மாற்ற வேண்டியதில்லை. திருவிவிலியம் செய்திருப்பதும் அதைத்தான்: எசாயாவில் இளம்பெண், மத்தேயுவில் கன்னி.