காலில் செம்புள்ளி மறைந்த பிறகும் சிறுநீரைப் பார்க்க வேண்டும்

நாகர்கோவில் பக்கம் மழை தொடங்கியதும் பிள்ளைகளுக்குச் சளியும் தொண்டைவலியும் வந்துவிடும். அது தீர்ந்து ஒன்றிரண்டு வாரத்தில், அபூர்வமாகச் சில பிள்ளைகளுக்குக் காலிலும் பிட்டத்திலும் செம்புள்ளிகள் கிளம்பும். டெங்குவோ என்று வீடே பதறும். பரிசோதித்தால் இரத்தத் தட்டணுக்கள் குறையாமல் இருக்கும். புள்ளி தடவினால் மேடாகத் தட்டுப்படும். கண்ணாடி டம்ளரை வைத்து அழுத்தினாலும் மறையாது. ஒவ்வாமைப் பர்ப்யூரா என்ற இரத்தக் குழாய் அழற்சி நோய் பெரும்பாலும் இப்படித்தான் தொடங்குகிறது. 3 முதல் 10 வயதுக்குள்தான் அதிகம். ஆனால் காய்ச்சலோடு இப்படிப் புள்ளி வந்து பிள்ளை சோர்ந்து கிடந்தால் அது வேறு கடும் தொற்றாக இருக்கலாம். உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

மூக்கு, தொண்டை, குடல் இவற்றின் உட்சவ்வைக் காக்கும் எதிர்ப்புப் புரதம் ஐஜிஏ. இந்நோயில் அதன் அமைப்பு சற்றுப் பிறழ்ந்து, திரள் திரளாக மிகச் சிறிய இரத்தக் குழாய்களின் சுவரில் படிகிறது. சுவர் அழற்சியடைந்து இரத்தம் கசிகிறது. தோலில் கசிந்தால் புள்ளி. நிற்கும்போது கால் குழாய்களில் அழுத்தம் கூடுவதால் அங்கேதான் அதிகம். மூட்டில் வீக்கம், குடலில் சுருட்டிப் பிடிக்கும் வலி. சிறுநீரகத்தில் படிந்தால் மட்டும் பெரும்பாலும் வலி தெரியாது. என் கவலை முழுவதும் அதைப் பற்றித்தான்.

முழங்கால் வீங்கினால் சுளுக்கு என்று நினைத்து ஆசானிடம் எண்ணெய் போட்டுத் தடவக் கூட்டிப்போவது நம் ஊர் வழக்கம். இது சுளுக்கல்ல, ஓய்வு போதும், வீக்கம் மூட்டில் பாதிப்பு வைக்காமல் தானே வடியும். வலிக்கு எடைக்கேற்ற பாராசிட்டமால் கொடுக்கலாம். இபுபுரூபன் போன்றவற்றை மருத்துவரைக் கேட்காமல் கொடுக்காதீர்கள், சிறுநீரகத்தையும் குடலையும் பாதிக்கும். அப்புறம் சாப்பாடு. ஒவ்வாமை என்றதும் மீனையும் முட்டையையும் நிறுத்திவிட்டு வெறும் கஞ்சியில் பிள்ளையை வைத்திருப்பவர்கள் உண்டு. பெரும்பாலும் உணவு இதற்குக் காரணமல்ல; மருத்துவர் சொல்லாமல் எதையும் விலக்க வேண்டாம்.

வயிற்றுவலி கடுமையானால் ஸ்டீராய்டு கொடுப்பார்கள். வலி குறையும், ஆனால் சிறுநீரகப் பாதிப்பு வராமல் அது தடுப்பதில்லை. விட்டுவிட்டு அலறும் வலி, பச்சை வாந்தி, மலத்தில் இரத்தம் தெரிந்தால் குடல் குடலுக்குள் செருகியிருக்கலாம். பையனுக்கு விரை வீங்கினாலும் சரி, காத்திருக்காமல் ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரிக்கோ பக்கத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கோ போய்விடுங்கள்.

பெரும்பாலான பிள்ளைகளுக்கு நாலைந்து வாரத்தில் புள்ளிகள் மறைந்துவிடும். பலர் அத்தோடு விட்டுவிடுகிறார்கள். சிறுநீரகப் பாதிப்பு வந்தால் பெரும்பாலும் முதல் 6 மாதத்துக்குள் தலைகாட்டும். முதலில் வாரம் ஒருமுறை, பிறகு மாதம் ஒருமுறை என்று சிறுநீரில் புரதமும் இரத்தமும் பார்க்க வேண்டும். இரத்த அழுத்தமும் பார்க்க வேண்டும்; குழந்தைக் கைக்கு ஏற்ற சிறிய பட்டையில் அளக்கச் சொல்லுங்கள். சிறுநீர் கட்டன் சாயா (பால் விடாத தேநீர்) நிறத்தில் போனாலோ, முகம் வீங்கினாலோ அடுத்த தேதிவரை பொறுக்காதீர்கள். ஏறக்குறைய மூன்றில் ஒரு பிள்ளைக்கு இது திரும்ப வரும். வந்தால் சிறுநீர்ப் பரிசோதனையை முதலிலிருந்து தொடங்க வேண்டுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.