ரப்பர் பேண்ட் போட்டு வந்த போன்

போன கத்திரி வெயிலில் ஒரு நாள், மதியம் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தேன். தையற்கடை வைத்திருக்கும் அண்ணன் ஒருவர் குனிந்து எட்டிப் பார்த்தார். கையில் போன். போனைச் சுற்றி இரண்டு ரப்பர் பேண்ட்.

"டிஸ்பிளே ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கிறது தம்பி. கொஞ்சம் பசை விட்டு ஒட்டிக் கொடுத்தால் போதும்."

ரப்பர் பேண்டைக் கழற்றியதும் திரையின் இடது ஓரம் மெல்ல எழும்பியது. விரல் நகம் நுழையும் அளவுக்கு இடைவெளி. டார்ச் அடித்துப் பார்த்தால், உள்ளே வெள்ளி நிறத்தில் ஒரு குட்டித் தலையணை. பேட்டரி உப்பியிருந்தது. இரண்டு வாரமாக அந்தத் தலையணையைத்தான் அவர் ரப்பர் பேண்டால் அழுத்திக்கொண்டிருந்தார். அதே நிலையில் தினமும் சார்ஜும் போட்டிருக்கிறார்.

சாப்பாட்டை மூடி வைத்துவிட்டு முதலில் போனை அணைத்தேன். "எங்கே சார்ஜ் போடுவீர்கள் அண்ணே?" என்று கேட்டேன். கடையில் ஒரே ஒரு பிளக் பாயின்ட்தான் கைக்கு எட்டுமாம். இஸ்திரிப் பெட்டியும் போனும் அதையே பங்கு போட்டுக்கொள்கின்றன. காலை முதல் இரவு வரை சார்ஜரில் போட்டபடியே பாட்டு ஓடிக்கொண்டிருக்கும். பக்கத்தில் இஸ்திரிப் பெட்டி கொதித்துக்கொண்டிருக்கும். மேலே தகரக் கூரை. வேறு காரணம் தேட வேண்டியதே இல்லை.

மதுரையில் பதினாறு வருடமாக மொபைல் சர்வீஸ் செய்கிறேன். "எத்தனை தடவை சார்ஜ் போடலாம்?" என்று கேட்காத வாடிக்கையாளர் குறைவு. போன் எவ்வளவு சுடுகிறது என்று கேட்பவர் அபூர்வம். ஆனால் என் மேஜைக்கு வருகிற பேட்டரிகளில் பெரும்பாலானவை சூட்டில் செத்தவை.

மார்கழியில் இட்லி மாவு ஒரு இரவு முழுக்க வைத்தாலும் சரியாகப் புளிப்பதில்லை. சித்திரையில் நாலைந்து மணி நேரத்தில் பொங்கிப் பாத்திரத்தை விட்டு வழிகிறது. பேட்டரியும் அப்படித்தான். உள்ளே ஒரு பக்கம் கிராஃபைட் தகடு, மறுபக்கம் கோபால்ட் போன்ற உலோகங்கள் கலந்த தகடு, நடுவில் தலைமுடியைவிட மெல்லிய ஒரு பிளாஸ்டிக் சவ்வு, எல்லாவற்றையும் நனைத்தபடி ஒரு திரவம். சார்ஜ் ஏறும்போது லித்தியம் அயனிகள் இந்தப் பக்கம் வருகின்றன, இறங்கும்போது அந்தப் பக்கம் போகின்றன. இந்தப் போக்குவரத்துக்கு நடுவே வேண்டாத வேதிவினைகளும் நடக்கின்றன. ஒவ்வொன்றிலும் கொஞ்சம் லித்தியம் சிக்கிக்கொண்டு பயனற்றுப் போகிறது. திரவம் சிதைந்து வாயுவும் உண்டாகிறது. சூடு ஏற ஏற இந்த வினைகள் வேகமெடுக்கின்றன. வாயு வெளியேற வழி இல்லாததால் உறை உப்புகிறது.

இன்னொரு விஷயம் நூறு சதவீதம். முழு சார்ஜில் பேட்டரியின் வோல்டேஜ் உச்சத்தில் இருக்கிறது. பழைய பேட்டரிகளில் 4.2 வோல்ட், இப்போது வருபவற்றில் 4.4-ஐ ஒட்டி. அந்த நிலையில் வேண்டாத வினைகள் இன்னும் சுறுசுறுப்பாகின்றன. முழு சார்ஜும் சூடும் சேர்ந்துகொண்டால்தான் வம்பு. 25 டிகிரி அறையில், 40 சதவீத சார்ஜில் ஒரு வருடம் சும்மா கிடக்கும் பேட்டரி தன் கொள்ளளவில் சுமார் 4 சதவீதத்தை இழக்கிறது. 40 டிகிரியில், முழு சார்ஜில் அதே ஒரு வருடம் கிடந்தால் மூன்றில் ஒரு பங்கு போய்விடுகிறது. யாரும் அதைத் தொடக்கூட வேண்டியதில்லை. ஆப்பிள் தன் ஐபோன்களைப் பயன்படுத்தச் சொல்லும் சூழல் வெப்பம் 0 முதல் 35 டிகிரி வரை. எங்கள் ஊரில் பங்குனியிலேயே பகல் வெயில் அதைத் தாண்டிவிடும்.

உணவு டெலிவரி செய்யும் தம்பிகள் என் நிரந்தர வாடிக்கையாளர்கள். அவர்கள் போன் படும் பாட்டைப் பாருங்கள். பைக் ஹேண்டிலில் மாட்டிய போனில் நேராக வெயில் விழுகிறது. வெயிலில் தெரிய வேண்டும் என்பதால் வெளிச்சம் முழு அளவில். மேப் ஓடுகிறது, ஜி.பி.எஸ். ஓடுகிறது, டேட்டா ஓடுகிறது. பைக்கில் பொருத்திய சார்ஜர் வேறு ஏற்றிக்கொண்டே இருக்கிறது. மழைக்காக வாங்கிய பிளாஸ்டிக் உறையை வெயிலிலும் கழற்றுவதில்லை. புதுப் போன், பத்து மாதம் கூட ஆகவில்லை, "மத்தியானத்துக்குள் சார்ஜ் தீர்ந்துவிடுகிறது அண்ணே" என்று வந்து நிற்கிறார்கள். அவர்களிடம் போனைக் குறைவாகப் பயன்படுத்து என்று சொல்ல எனக்கு வாய் வராது; அதுதான் பிழைப்பு. நான் சொல்வது இரண்டே விஷயம். வழியைக் குரலில் கேட்டுக்கொண்டு, முடிந்தபோதெல்லாம் போனைச் சட்டைப் பையில் வை. ஹேண்டிலில் இருக்கும்போது சார்ஜ் ஏற்றாதே. ஆர்டருக்குக் காத்திருக்கும் நேரத்தில், நிழலில், உறையைக் கழற்றிவிட்டு ஏற்று. போன மாசியில் பேட்டரி மாற்றிக்கொண்டு போன ஒரு தம்பி இதைக் கடைப்பிடிக்கிறான். இன்னும் அடுத்த பேட்டரி கேட்டு வரவில்லை. எனக்கு வியாபார நஷ்டம்தான்.

புதுப் போனை முதல் நாள் எட்டு மணி நேரம் சார்ஜ் போட வேண்டும், சுத்தமாகத் தீர்ந்த பிறகுதான் மறுபடி போட வேண்டும் என்ற பழக்கங்கள் நிக்கல் காட்மியம் பேட்டரிக் காலத்து மிச்சம். சோனி நிறுவனம் லித்தியம் அயன் பேட்டரியை 1991-இல் விற்பனைக்குக் கொண்டுவந்துவிட்டது. நம் வீட்டுப் பெரியவர்கள் இன்னும் நிக்கலுக்கான பத்தியத்தைக் கடைப்பிடிக்கிறார்கள். லித்தியம் பேட்டரிக்குப் பட்டினி ஆகாது. கொஞ்சம் கொஞ்சமாகப் பலமுறை ஏற்றினால் ஒன்றும் கெடாது. 50 சதவீதம் இறக்கி ஏற்றி, மறுநாளும் அப்படியே செய்தால்தான் கணக்கில் ஒரு முழுச் சுற்று. ஐபோன் 14 வரை 500 சுற்றுகளுக்குப் பிறகு 80 சதவீதக் கொள்ளளவு என்று சொன்ன ஆப்பிள், 15-இலிருந்து 1000 என்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2025 ஜூன் முதல் அங்கே புதிதாக விற்பனைக்கு வரும் போன்களுக்குக் குறைந்தது 800 சுற்று என்று விதியே போட்டுவிட்டது.

இரவு முழுக்கச் சார்ஜில் போட்டால் வெடிக்குமா? நல்ல போனும் நல்ல சார்ஜரும் என்றால், நிறைந்ததும் உள்ளே இருக்கும் சர்க்யூட் நிறுத்திவிடும். பிரச்சினை, நிறைந்த பேட்டரி விடிய விடிய சூட்டோடு கிடப்பது. தலையணைக்கு அடியிலும் மெத்தை மேலும் போட்டுத் தூங்குகிறார்களே, அதைத்தான் சொல்கிறேன். சூடு வெளியேற இடம் வேண்டும். வெறும் தரை போதும், மர மேஜை போதும். இப்போது பல போன்களில் 80 சதவீதத்தோடு நிறுத்திக்கொள்ளும் வசதி செட்டிங்கில் இருக்கிறது. பகல் முழுக்கச் சார்ஜர் பக்கத்திலேயே இருப்பவர்கள் அதைப் போட்டுவிடலாம். ஊர்ப் பயணம் என்றால் எடுத்துவிட்டு நூறு ஏற்றிக்கொள்ளுங்கள். இருபதுக்குக் கீழே போய்விட்டதே என்று கல்யாணப் பந்தியில் உட்கார்ந்து பதறுகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். அந்த அளவுக்கு வேண்டாம்.

வேகச் சார்ஜர் பற்றிய பயமும் பாதிதான் நியாயம். காலி வயிற்றில் வேகமாகவும், நிறைய நிறைய மெதுவாகவும் ஏற்றும்படிதான் போனே கட்டுப்படுத்துகிறது. போனோடு வந்த சார்ஜரில் ஏற்றும்போது கை பொறுக்கும் சூடுதான் இருக்கிறதென்றால் கவலை இல்லை. சார்ஜ் ஏறும்போதே கேம் விளையாடுவதுதான் பேட்டரியை வாட்டும் வேலை.

சார்ஜ் நிற்கவில்லை என்றாலே பேட்டரி போய்விட்டது என்றும் அர்த்தமில்லை. அழகர்கோவில் அடிவாரத்திலிருந்து ஒரு அக்கா வந்தார். வேறு கடையில் இரண்டு முறை பேட்டரி மாற்றியும் சாயங்காலத்துக்குள் தீர்ந்துவிடுகிறதாம். என் கடையில் அன்று பகல் முழுக்க வைத்துப் பார்த்தேன். பதினைந்து சதவீதம் கூட இறங்கவில்லை. "வீட்டில் டவர் எத்தனை கோடு காட்டும் அக்கா?" என்றேன். "மாடிக்குப் போனால் ஒன்று. அடுப்படியில் அதுவும் கிடையாது" என்றார். சிக்னல் மெலிந்தால் போன் தன் குரலை உயர்த்திக் கத்துகிறது. டவருக்கு எட்ட வேண்டும் என்று கூடுதல் சக்தியில் அலையை அனுப்புகிறது. 5ஜி கிடைக்கிறதா என்று தேடித் தேடி 4ஜிக்குத் திரும்புகிறது. நெட்வொர்க்கை 4ஜியில் நிறுத்தி, வீட்டில் இருந்த வைஃபை வழியாகவே அழைப்பும் போகும்படி செட்டிங்கை மாற்றிக் கொடுத்தேன். இரண்டு பேட்டரிக்குக் கொடுத்த பணம் அவருக்குத் தண்டம்.

திரையைக் கறுப்பாக மாற்றும் டார்க் மோடு, ஓலெட் திரை (கறுப்பு வரும் இடத்தில் ஒளியே எரியாத வகை) உள்ள போனில், வெளிச்சம் அதிகமாக வைத்தால் நன்றாக உதவும். சாதாரண எல்.சி.டி. திரையில் கண்ணுக்குக் குளிர்ச்சி, அவ்வளவுதான்.

உண்மையிலேயே பேட்டரி தளர்ந்துவிட்டால் அதுவே காட்டிக்கொடுக்கும். 30 சதவீதம் காட்டிக்கொண்டிருக்கும்போது கேமராவைத் திறந்தால் பட்டென்று அணைந்துபோகும். வயதான பேட்டரிக்குள் மின்சாரம் ஓடுவதற்கான தடை கூடிவிடுகிறது. திடீரென்று அதிக மின்சாரம் கேட்டால் வோல்டேஜ் சரிகிறது. இப்படி அணைவதைத் தடுக்கத்தான் பழைய ஐபோன்களின் வேகத்தைக் குறைத்தோம் என்று 2017 டிசம்பரில் ஆப்பிள் ஒப்புக்கொண்டு, பேட்டரி மாற்றும் கட்டணத்தையும் இறக்கியது. போனே மெதுவாகிவிட்டது என்று நினைத்துப் புதிது வாங்கியவர்கள் எத்தனை பேரோ.

மாற்றுவதென்றால் முதலில் கம்பெனி சர்வீஸ் சென்டரில் விலை கேளுங்கள். என் தொழிலுக்கு எதிராக நானே சொல்கிறேன். மலிவு டூப்ளிகேட்டில் மேலே 5000 எம்.ஏ.எச். என்று அச்சடித்திருக்கும்; கையில் எடுத்தால் ஒரிஜினலைவிட எடை குறைவாக இருக்கும். சிலவற்றைப் பிரித்துப் பார்த்திருக்கிறேன். சூட்டை அளக்கும் சென்சார் இருக்க வேண்டிய இடத்தில், போனை ஏமாற்றுவதற்கு ஒரு சாதாரண ரெசிஸ்டர் உட்கார்ந்திருக்கும். பேட்டரி கொதித்தாலும் போனுக்கு அது குளிர்ச்சியாகவே தெரியும். கடையில் மாற்றினால் இந்தியத் தர அமைப்பான பி.ஐ.எஸ். முத்திரையும், ஐ.எஸ். 16046 என்ற தர எண்ணும், ஆர் எழுத்தில் தொடங்கும் பதிவு எண்ணும் பேட்டரியில் இருக்கிறதா என்று பாருங்கள். பில் கேளுங்கள். தர மறுக்கும் கடையில் பேட்டரி வாங்க வேண்டாம்.

உப்பிய பேட்டரிக்கு வருகிறேன். தையல்கார அண்ணன் போட்ட ரப்பர் பேண்ட் ஏன் என் சாப்பாட்டை நிறுத்தியது என்றால், அந்த மெல்லிய சவ்வு ஓர் இடத்தில் நசுங்கினால் போதும், இரு தகடுகளும் தொட்டுக்கொண்டு தீப்பிடிக்கும். 2016-இல் சாம்சங் கேலக்ஸி நோட் 7 உலகம் முழுக்கத் திரும்பப் பெறப்பட்டதே, அதில் முதலில் வந்த பேட்டரிகளின் ஒரு மூலையில் தகடு வளைந்து நெருக்கியதுதான் குறை. ஆகவே உப்பிய போனை அழுத்தாதீர்கள், ஒட்டாதீர்கள், ஊசியால் குத்திக் காற்றை எடுக்கலாம் என்று யாராவது சொன்னால் அவரிடம் போனைக் கொடுக்காதீர்கள். அணைத்துவிட்டு, சார்ஜ் போடாமல், எரியும் பொருள் பக்கத்தில் இல்லாத இடத்தில் வைத்து, அன்றே கழற்றக் கொண்டு போங்கள். குப்பையில் போடக்கூடாது, குப்பை லாரி நசுக்கும்போதும் அதே கதைதான். என் மேஜைக்கு அடியில் மணல் நிரப்பிய தகர டின் ஒன்று இருக்கிறது. கழற்றிய பேட்டரிகளின் முனைகளில் டேப் ஒட்டி அதில் புதைத்து வைப்பேன். சேர்ந்ததும் மின்கழிவு எடுக்கிறவரிடம் போகும்.

அந்த டினில் சேருபவற்றில் கணிசமானவை தினசரிப் பயன்பாட்டில் இருந்தவை அல்ல; பீரோவில் துணிக்கு அடியில், போட்டோக்களுக்காக எடுத்து வைத்த பழைய போன்களிலிருந்து வந்தவை. உங்கள் வீட்டிலும் ஒன்றாவது இருக்கும். எடுத்து, உறையைக் கழற்றி, கேமரா மேடு இடிக்காதபடி திரையைக் கீழே வைத்து, சமதளமான கண்ணாடியிலோ கிரானைட் மேடையிலோ வையுங்கள். மூலையை லேசாகத் தொட்டால் தொட்டில் போல ஆடுகிறதா, பம்பரம் போலச் சுற்றுகிறதா? அப்படியென்றால் படங்களைப் பார்க்கலாமே என்று சார்ஜரில் சொருகாமல் நேராகக் கடைக்குக் கொண்டு வாருங்கள். ஆடாமல் படிந்து கிடந்து, பின்மூடியும் உப்பாமல் இருந்தால் 50 சதவீதம் ஏற்றி, அணைத்து, பீரோவின் குளிர்ந்த தட்டில் வையுங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை எடுத்து மறுபடி 50-க்குக் கொண்டுவந்தால் போதும்.