வக்கீல் வைக்கப் பணம் இல்லையா? கோர்ட் வளாகத்துக்குள்ளேயே ஓர் ஆபீஸ் இருக்கிறது

"ஜீவனாம்சம் கேட்டு வழக்குப் போடவே இவ்வளவு பீஸ் கேட்கிறார்களே, அந்தப் பணம் கையில் இருந்தால் நான் ஏன் ஜீவனாம்சம் கேட்கப் போகிறேன்?" என்று என் சித்தி மகள் ஒருநாள் கேட்டாள். நியாயமான கேள்விதான். அவள் ஒரு தனியார் கம்பெனியில் வேலை பார்க்கிறாள். மாதச் சம்பளம் வாடகைக்கும் குழந்தையின் பள்ளிக்கும் போய்விடும். "இலவச வக்கீல் எல்லாம் பரம ஏழைகளுக்குத்தான், உனக்குத் தரமாட்டார்கள்" என்று சொந்தக்காரர்கள் சொன்னதை நம்பி, ஆறு மாதம் சும்மா இருந்துவிட்டாள்.

அது தவறான தகவல். 1987-ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டம், பிரிவு 12, யாருக்கெல்லாம் அரசு செலவில் வக்கீல் என்று பட்டியல் போடுகிறது. அதில் பெண்களுக்கு வருமான வரம்பே கிடையாது. வேலைக்குப் போகிறாளா, சொந்த வீடு இருக்கிறதா என்ற கேள்விக்கே இடமில்லை. குழந்தைகள், பட்டியல் சாதி மற்றும் பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், தொழிற்சாலைத் தொழிலாளர்கள், ஆள்கடத்தலுக்கோ கொத்தடிமை வேலைக்கோ ஆளானவர்கள், வெள்ளம், பூகம்பம், சாதி வன்கொடுமை போன்றவற்றில் பாதிக்கப்பட்டவர்கள், காவலில் இருப்பவர்கள் எல்லோருக்கும் அப்படித்தான். இதில் எதிலும் வராதவர்களுக்கு மட்டும்தான் வருமானக் கணக்கு. தமிழ்நாட்டில் அது ஆண்டுக்கு 3 லட்சம் ரூபாய். உச்ச நீதிமன்ற வழக்கென்றால் 5 லட்சம்.

காவலில் இருப்பவர் என்பதைக் கொஞ்சம் நிறுத்திப் படியுங்கள். கோடீஸ்வரரானாலும் உள்ளே இருக்கும்வரை அவருக்கு இந்த உரிமை உண்டு. பையன் சிறையில் இருக்கிறான், அப்பா நகையை அடகு வைத்துக்கொண்டிருக்கிறார் என்ற காட்சி எத்தனை வீட்டில் நடக்கிறது! அடகுக் கடைக்குப் போவதற்கு முன் ஒருமுறை கோர்ட்டுக்குப் போய் விசாரித்துப் பார்க்கலாம்.

சரி, எங்கே போவது? ஒவ்வொரு மாவட்ட நீதிமன்ற வளாகத்திலும் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. மாவட்ட நீதிபதிதான் தலைவர். அன்றாட வேலையைப் பார்ப்பவர் செயலாளர், அவரும் நீதிபதிதான். தாலுகா அளவில் வட்ட சட்டப்பணிகள் குழு. உயர் நீதிமன்ற வழக்குகளுக்குச் சென்னையிலும் மதுரைக் கிளையிலும் தனிக் குழுக்கள். எங்கே என்று தெரியாவிட்டால் 15100 என்ற இலவச எண்ணுக்குப் போன் செய்யலாம்.

மனு என்றால் பெரிய சமாச்சாரமில்லை. பெயர், முகவரி, நீங்கள் எந்தப் பிரிவில் வருகிறீர்கள், என்ன பிரச்சனை, என்ன வேண்டும், இவ்வளவுதான். எழுதத் தெரியாதவர்கள் சொன்னால் அங்கேயே எழுதிக்கொள்வார்கள். ஆதார் நகல், கையில் உள்ள வழக்குக் காகிதங்கள் போதும். வருமான அடிப்படையில் கேட்பவர்களிடம் தாசில்தார் சான்றிதழ் கொண்டுவா என்று சில இடங்களில் சொல்வதுண்டு. அதே 1987 சட்டத்தின் பிரிவு 13 சொல்வது வேறு: வருமானம் பற்றி நீங்கள் தரும் உறுதிமொழிப் பத்திரமே போதும், அதை நம்பாமலிருக்கக் காரணம் இருந்தால்தான் மேற்கொண்டு கேட்கலாம். இதைப் பணிவாகச் சொல்லிப் பாருங்கள். பாதி நேரம் வேலை நடந்துவிடும்.

மனு ஏற்கப்பட்டால் வக்கீல் பீஸ் மட்டுமல்ல, கோர்ட் பீஸ், நோட்டீஸ் செலவு, நகல் செலவு, ஆவணங்களை மொழிபெயர்க்கும் செலவு எல்லாம் ஆணைக்குழுவின் கணக்கு. அப்படி நியமிக்கப்பட்ட வக்கீல் உங்களிடம் ஒரு ரூபாய்கூட வாங்கக் கூடாது. "குமாஸ்தாவுக்கு ஏதாவது பார்த்துக் கொடுங்க" என்று கேட்டால் அதுவும் விதிமீறல்தான். செயலாளரிடம் எழுதிக் கொடுக்கலாம்.

குடும்ப வழக்குகளில் பலருக்குத் தெரியாத ஒரு விஷயம் உண்டு. 1984-ஆம் ஆண்டின் குடும்ப நீதிமன்றச் சட்டம், பிரிவு 13-இன்படி, குடும்ப நீதிமன்றத்தில் வக்கீல் வைத்துக்கொள்வது யாருக்கும் உரிமையாகக் கிடையாது. கணவனும் மனைவியும் நேரில் வந்து பேசட்டும், ஆலோசகரிடம் உட்காரட்டும், சண்டை பெரிதாகாமல் முடியட்டும் என்பதுதான் சட்டத்தின் எண்ணம். நடைமுறையில் வக்கீல் ஆஜராக அனுமதி கேட்டு ஒரு மனு போடுவார்கள், நீதிபதி அனுமதிப்பார், அப்புறம் வழக்கம்போல வக்கீல்கள்தான் பேசுவார்கள். ஆனாலும் பரஸ்பர சம்மத விவாகரத்து போன்ற எளிய வழக்கில் தானே நின்று முடித்துக்கொண்டவர்கள் உண்டு. வக்கீல் இல்லாமல் அந்த வாசலையே மிதிக்க முடியாது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

இன்னொன்று, வழக்குச் செலவை எதிர்த்தரப்பிடமிருந்தே வாங்க முடியும். இந்து திருமணச் சட்டம், பிரிவு 24, சொந்த வருமானம் போதாத மனைவிக்கோ கணவனுக்கோ, வழக்கு முடியும்வரை இடைக்கால ஜீவனாம்சமும் வழக்கு நடத்தும் செலவும் கேட்க வழி தருகிறது. மதம் பாராமல் எல்லா மனைவியரும் கேட்கக்கூடிய ஜீவனாம்சப் பிரிவு, பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125, இப்போது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144 ஆகிவிட்டது. அதிலும் இடைக்காலத் தொகையும் செலவும் கேட்கலாம். 2020-இல் ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில் உச்ச நீதிமன்றம் இரு தரப்பும் சொத்து, வருமானம், கடன் விவரங்களைப் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்ய வேண்டும் என்று சொன்னது. மனுத் தாக்கல் செய்த தேதியிலிருந்தே ஜீவனாம்சம் கணக்கிட வேண்டும் என்றும் சொன்னது. ஆகவே தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதமும் நஷ்டம். சித்தி மகள் இழந்த ஆறு மாதம் அப்படிப் போனதுதான்.

வீட்டில் அடி, மிரட்டல் என்றால் 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டம் இருக்கிறது. மாவட்ட சமூக நல அலுவலகத்தில் பாதுகாப்பு அலுவலரைப் பார்க்கலாம், 181 என்ற பெண்கள் உதவி எண்ணுக்கும் அழைக்கலாம். புகார் வாங்கும் போலீசாரே, இலவச சட்ட உதவி கிடைக்கும் என்று அந்தப் பெண்ணிடம் சொல்லியாக வேண்டும் என்கிறது பிரிவு 5.

கிரிமினல் வழக்கில் நிலைமை வேறு. அங்கே நேரம்தான் எல்லாம். கைது செய்தால் காரணம் சொல்ல வேண்டும், வீட்டுக்குத் தகவல் தர வேண்டும், பயண நேரம் போக 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். விசாரணையின்போது வக்கீலைப் பார்க்கலாம், முழு நேரமும் பக்கத்தில் உட்காரத்தான் முடியாது. அந்தக் கட்டத்திலேயே சட்டப்பணிகள் ஆணைக்குழுவிடம் வக்கீல் கேட்கலாம்.

ரிமாண்ட், அதாவது காவலில் வைக்க மாஜிஸ்திரேட் உத்தரவிடும் நேரத்தை நேரில் பார்த்தவர்களுக்குத் தெரியும். சில நிமிடம்தான். போலீஸ் காகிதத்தை நீட்டுகிறது, மாஜிஸ்திரேட் "போலீஸ் அடித்தார்களா? வக்கீல் இருக்கிறாரா?" என்று கேட்கிறார், மிரண்டு நிற்கும் பையன் தலையை எப்படியோ ஆட்டுகிறான், 15 நாள் ரிமாண்ட். அந்த இரண்டாவது கேள்விதான் முக்கியம். "இல்லை" என்று வாய்விட்டுச் சொன்னால், அங்கேயே ரிமாண்டுக்கென ஆணைக்குழு நியமித்த வக்கீல் பேச முடியும். வீட்டிலிருந்து யாராவது கூடப் போனால் வழியிலேயே இதைச் சொல்லிவையுங்கள்.

கேட்கத் தெரியாதவனுக்கும் இந்த உரிமை உண்டு. 1986-இல் சுக் தாஸ் வழக்கில், வக்கீல் வேண்டும் என்று அவர் கேட்கவில்லையே என்ற வாதத்தை உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. வக்கீல் இல்லாமல் நடந்த விசாரணையில் கிடைத்த தண்டனையை ரத்து செய்தது. 2012-இல், மும்பைத் தாக்குதல் வழக்கின் குற்றவாளி அஜ்மல் கசாப் தீர்ப்பில், முதன்முறை ஆஜர்படுத்தும்போதே இந்த உரிமையை எடுத்துச் சொல்வது மாஜிஸ்திரேட்டின் கடமை என்று மறுபடி அழுத்திச் சொன்னது. கசாப்புக்கே வக்கீல் உண்டென்றால், பைக் திருட்டில் பிடிபட்ட பக்கத்துத் தெருப் பையனுக்கு இல்லாமலா?

2022-இல் தேசிய சட்டப்பணிகள் ஆணைக்குழு ஒரு புது ஏற்பாடு கொண்டுவந்தது. கிரிமினல் வழக்கில் குற்றம் சாட்டப்பட்டவர்களுக்காக மட்டும் முழுநேரமாக வேலை செய்யும் வக்கீல் அலுவலகம். கோர்ட் பக்கம் லீகல் எய்டு டிபென்ஸ் கவுன்சில் என்பார்கள். தலைமை வக்கீலுக்குக் குறைந்தது 10 ஆண்டு, துணைத் தலைமைக்கு 7 ஆண்டு கிரிமினல் அனுபவம் வேண்டும். மாதச் சம்பளம் போல மதிப்பூதியம், வெளியே தனி வழக்கு எடுக்கக் கூடாது. ஜாமீன் முதல் விசாரணை, அப்பீல்வரை பார்ப்பார்கள். பாதிக்கப்பட்டவருக்கு வக்கீல் வேண்டுமென்றால் பழையபடி பேனல் வக்கீல்தான், அதாவது ஆணைக்குழுவின் பட்டியலில் உள்ள வக்கீல்.

ஜாமீன் பற்றி ஒரு கணக்கு. குற்றத்தைப் பொறுத்து 60 அல்லது 90 நாளுக்குள் போலீஸ் சார்ஜ் ஷீட் போடாவிட்டால் ஜாமீன் உரிமையாகவே கிடைக்கும். ஆனால் தானாகக் கதவு திறக்காது. சார்ஜ் ஷீட் வருவதற்கு முன்பே மனுப் போட வேண்டும். ரிமாண்ட் ஆன தேதியைக் காலண்டரில் குறித்துவைத்து, வக்கீலிடம் நினைவூட்டுங்கள். அவருக்கு நூறு வழக்கு, உங்களுக்கு ஒன்று.

இலவச வக்கீல் ஒழுங்காகப் பார்ப்பாரா? எல்லோரும் கேட்கும் கேள்வி. பேனல் வக்கீலுக்கு ஆணைக்குழு தரும் தொகை குறைவு, அதனால் வாய்தாவுக்கு ஜூனியரை அனுப்பிவிட்டுத் தப்பிப்பவர்களும் இருக்கிறார்கள். மாங்கு மாங்கென்று உழைப்பவர்களும் இருக்கிறார்கள். பீஸ் கொடுத்து வைத்த வக்கீல்களிலும் இந்த இரண்டு வகையைப் பார்த்திருக்கிறேன். பேனலில் சேரச் சாதாரணமாக 3 ஆண்டு அனுபவமாவது வேண்டும். பேனலில் உள்ள குறிப்பிட்ட ஒருவர்தான் வேண்டும் என்று நீங்கள் கேட்கலாம், செயலாளர் பரிசீலிப்பார். திருப்தி இல்லையென்றால் காரணம் எழுதி வேறொருவரைக் கேட்கலாம்.

சொந்தமாக வக்கீல் வைப்பதென்றால் சில விஷயங்கள். பீஸ் எந்தக் கட்டத்துக்கு எவ்வளவு என்று முதலிலேயே பேசி எழுதிக்கொள்ளுங்கள். கொடுத்த பணத்துக்கு ரசீது கேளுங்கள். ஜெயித்து வரும் தொகையில் இத்தனை சதவீதம் என்று பேசுவதை பார் கவுன்சில் விதிகள் தடை செய்கின்றன. உங்களுக்காக ஆஜராக வக்கீலுக்கு அதிகாரம் தரும் வக்காலத்தில் மட்டும் கையெழுத்துப் போடுங்கள், வெற்றுத் தாளில் போடாதீர்கள். ஒவ்வொரு வழக்குக்கும் கோர்ட் தரும் தனி அடையாள எண்ணான சிஎன்ஆர் எண்ணை வாங்கி வைத்தால், இ-கோர்ட்ஸ் செயலியில் அடுத்த வாய்தா எப்போது, போன வாய்தாவில் என்ன நடந்தது என்று நீங்களே பார்க்கலாம். "ஜட்ஜ் லீவு" என்ற பதில் உண்மையா என்பதும் அதில் தெரிந்துவிடும்.

வக்கீலை மாற்ற நினைத்தால், பீஸ் பாக்கி என்று சொல்லி வழக்குக் காகிதக் கட்டைப் பிடித்துவைக்க அவருக்கு உரிமையில்லை. 2000-இல் ஆர்.டி. சக்சேனா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது இது. பாக்கிக்கு அவர் தனியாக வழக்குப் போட்டுக்கொள்ளலாம். வக்கீல்மீது நுகர்வோர் கோர்ட்டுக்குப் போகலாம் என்று யாராவது யோசனை சொன்னால், அது 2024 மே மாதத்தோடு முடிந்துபோன வழி. வக்கீல் சேவை நுகர்வோர் சட்டத்துக்குள் வராது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. நடத்தைக் கோளாறு என்றால் மாநில பார் கவுன்சிலில்தான் புகார்.

சட்டப்பணிகள் ஆபீசில் மனுக் கொடுக்கும்போது ஒரு நகலில் தேதியோடு முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். விதிப்படி 7 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். மறுத்தால் அந்தக் குழுவின் தலைவரிடம் அப்பீல் செய்யலாம். சித்தி மகளுக்கு அப்பீல் தேவைப்படவில்லை, ஐந்தாம் நாளே வக்கீல் பெயரும் போன் நம்பரும் போட்ட கடிதம் வந்துவிட்டது.