கடைமடை: ‘லாஸ்ட் மைல்’ என்பதற்கு உரிய தமிழ்ச்சொல்

சரக்குப் போக்குவரத்தில் நாள்தோறும் புழங்கும் ‘லாஸ்ட் மைல் டெலிவரி’ என்னும் தொடர், கிடங்கிலிருந்து புறப்பட்ட பொருள் கடைக்காரர் கையிலோ வீட்டார் கையிலோ சேரும் இறுதிப் பயணத்தைக் குறிக்கிறது. இதற்கு முன் இத்தொடர் தொலைபேசித் துறையில் வழங்கியது. இணைப்பகத்திலிருந்து வீடுவீடாகப் பிரித்து இழுக்க வேண்டிய கம்பியை அங்கே அப்படிச் சொன்னார்கள். ஊருக்கும் ஊருக்கும் இடையே ஓடும் பெருந்தடத்தைவிட, வாசல்தோறும் பிரியும் குறுந்தடமே அதிக வேலையும் செலவும் வைக்கும் என்பதால், அதே இயல்புடைய சரக்கு விநியோகத்துக்கும் அச்சொல் பொருந்திப்போயிற்று. ‘மைல்’ என்பது ஆயிரம் இரட்டையடிகளைக் குறித்த லத்தீன் வழக்கிலிருந்து வந்த அளவுப்பெயர். ஆனால் இத்தொடரில் அதற்கு அளவுப்பொருள் இல்லை, அந்தத் தொலைவு அரைக் கிலோமீட்டராகவும் இருக்கலாம்.

வேலூரில் இதைக் கண்ணெதிரே காணலாம். சென்னையிலிருந்து ஏறத்தாழ 140 கிலோமீட்டர் ஓடிவரும் லாரி, டன் கணக்கான சரக்கை ஒரே மூச்சில் கொண்டுவந்து இறக்கிவிடுகிறது. அதே சரக்கு லாங்கு பஜார் கடைத்தெருவுக்குள் நுழைய வேண்டுமானால் ‘குட்டியானை’ எனப்படும் சிறு சரக்கு வண்டிகள் பலவற்றுக்குப் பிரிய வேண்டும். சந்து முனையில் வண்டி இன்ஜின் அணையாமல் உறுமிக்கொண்டு நிற்க, சோப்புப் பெட்டிகளைத் தோளில் அடுக்கிக்கொண்டு ஒருவர் கூட்டத்தில் வழி கேட்டு நடக்கிறார். அவர் திரும்பும்வரை புகை அந்தச் சந்துக்குள்ளேயே சுழல்கிறது. சி.எம்.சி. மருத்துவமனையைச் சுற்றியுள்ள விடுதிகளிலோ, பார்சல் வந்து சேரும்போது முகவரிக்குரியவர் அறையைக் காலி செய்துவிட்டுப் போயிருப்பார். பார்சல் கிடங்குக்குத் திரும்பும். ஒரு பொருளுக்காக வண்டி இருமுறை ஓடியிருக்கும்.

‘லாஸ்ட் மைல்’ என்பதைத் தமிழில் ‘கடைசி மைல்’ என்று எழுதுவோர் இல்லாத அளவு ஒன்றை இருப்பதாகக் காட்டுகிறார்கள். ‘இறுதிக்கட்டம்’ என்பது இடத்தை விட்டுக் காலத்தைச் சுட்டுகிறது. ‘கடைக்கோடி’ என்றால் எட்டாத தொலைவு என்றே மனம் கொள்ளும். லாங்கு பஜாரோ ஊரின் நடுவில் இருக்கிறது.

வடாற்காட்டு உழவர்களிடம் இதற்குப் பொருத்தமான சொல் இருக்கிறது: கடைமடை. வாலாஜா அருகே பாலாற்று அணைக்கட்டில் பிரியும் நீர் காவேரிப்பாக்கம் ஏரிக்கு வந்து, மதகு வழியே வாய்க்கால்களாகக் கிளைத்து, வயல்தோறும் மடை வழியாகப் பாய்கிறது. முதலில் நீர் பெறுவது தலைமடை, முடிவில் பெறுவது கடைமடை. ஏரி நிரம்பியிருந்தாலும் கடைமடை நனையாவிட்டால் பாசனம் முடிந்ததாக யாரும் ஒப்புவதில்லை. ‘கடை’ என்னும் சொல்லுக்கு முடிவு, வாயில், அங்காடி என்ற மூன்று பொருளும் உண்டு. வாயில் என்னும் பொருள் ‘புழைக்கடை’யில் இன்றும் வாழ்கிறது. சரக்கு போய்ச் சேரும் முடிவும் வீட்டு வாயிலும் அங்காடியும் ஒரே சொல்லுக்குள் அடங்குவது எனக்குப் பெருமகிழ்ச்சி தருகிறது. பாசனத்தில் கடைசி வயலுக்கு மட்டுமே உரிய பெயரை எல்லா வாசலுக்கும் விரிக்கலாமா என்று கேட்கலாம். சரக்குக்கு ஒவ்வொரு வாசலும் கடைசி மடைதான் என்பதால் விரிக்கலாம் என்பதே என் கருத்து.

இச்சொல்லோடு ‘முறை’ என்னும் பாசனச் சொல்லும் கூடவே வருகிறது. வயல்களுக்கு நீரைப் பங்கிட்டு விடும் ஊழியரான நீர்க்கட்டி முறைவைத்து மடை திறப்பதால் ஒரே வாய்க்கால் பல வயல்களுக்குப் போதுமானதாகிறது. அதுபோலப் பல நிறுவனங்களின் பார்சல்களை ஊருக்குள் ஒரு சிறு கிடங்கில் சேர்த்து, தெருவுக்கு ஒரு வண்டியாக, கூட்டமில்லாத விடியற்காலையில் முறைவைத்து அனுப்பினால் ஒரே தெருவுக்குள் நான்கு வண்டிகள் நுழைய வேண்டியதில்லை. அந்த வண்டி மின்சார மூன்றுசக்கர வண்டியாக இருப்பது நல்லது; நாளொன்றுக்கு ஓடும் தொலைவு குறைவு, அடிக்கடி நிற்க வேண்டும், நிற்கும் நேரத்தில் அதன் மோட்டார் வீணாக ஓடுவதில்லை. மத்திய அரசின் கொள்கை ஆலோசனை அமைப்பான நீதி ஆயோக் 2021இல் தொடங்கிய ‘ஷூன்யா’ இயக்கமும் விநியோகத்தில் மின்வாகனங்களைப் புகுத்துவதையே வலியுறுத்துகிறது.

எழுதும்போது கடைமடை விநியோகம், கடைமடைக் கிடங்கு, கடைமடைச் செலவு, கடைமடை வண்டி என வழங்கலாம். ‘கடைமடைச் செலவைக் குறைக்கத் தெருமுனையிலேயே பார்சல் பெறும் இடம் அமைத்தனர்’ என்பது போன்ற தொடரை, ஏரிப்பாசனம் அறிந்த எவரும் அகராதி புரட்டாமல் புரிந்துகொள்வார்.