வசந்த வானம் ஏன் காலியாகத் தெரிகிறது?

வானம் காட்டுவதுதான் என் தொழில். பகலில் கோளரங்கத்துக்குள் காட்சி, இரவில் ஏதாவது ஒரு திறந்தவெளியில் தொலைநோக்கியை நிறுத்தி, வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுவது. குளிர்காலம் முழுக்க இது சுலபமான வேலை, ஓரியன் என்ற நட்சத்திரக் கூட்டம் மேலே ஏறி நின்றுவிட்டால் நான் வாயைத் திறக்கவே வேண்டாம், திருவாதிரையும் ரோகிணியும் சீரியஸும் தாங்களாகவே ஆளைப் பிடித்து நிறுத்திவிடும். மார்ச் பாதி தாண்டினால் நிலைமை வேறு. அந்தக் கும்பல் முழுக்க மேற்கே சரிகிறது, வருகிறவர்கள் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு "என்ன சார், இன்றைக்கு ஒன்றுமே இல்லையே" என்கிறார்கள்.

அவர்கள் சொல்வது ஒரு வகையில் சரிதான். நம் பால்வெளி மண்டலம் சுமார் 1 லட்சம் ஒளியாண்டு அகலமுள்ள தட்டையான வட்டு (ஒளியாண்டு என்பது ஒளி ஒரு வருடத்தில் போகும் தூரம்). நாம் அதற்குள்ளே இருக்கிறோம். ஒரு பெரிய கூட்டத்தின் நடுவே நிற்பதாக வைத்துக்கொள்ளுங்கள், பக்கவாட்டில் பார்த்தால் தலைகளாகத் தெரியும், நிமிர்ந்து பார்த்தால் கூட்டமே இருக்காது. ஏப்ரல், மே மாத முன்னிரவில் நாம் அப்படித்தான் நிமிர்ந்து பார்க்கிறோம். பால்வெளிப் பட்டை தொடுவானத்தை ஒட்டிப் படுத்துக் கிடக்கும், நம் தலைக்கு மேலே வட்டுக்கு வெளியே போகும் திசை. அதனால்தான் நட்சத்திரம் குறைவு. அதே காரணத்தால்தான் மற்ற மண்டலங்களை, அதாவது பால்வெளிக்கு வெளியே இருக்கும் கேலக்ஸிகளைப் பார்க்க இதைவிட நல்ல பருவம் கிடையாது, இடையில் மறைக்கத் தூசியும் இல்லை, நெரிசலும் இல்லை.

(வசந்தம் என்று நான் சொல்வது வட அரைக்கோளத்தின் மார்ச் முதல் மே வரை. தெற்கே இருப்பவர்களுக்கு அப்போது இலையுதிர்காலம், இதே நட்சத்திரங்கள் தலைகீழாகத் தெரியும்.)

எங்கே தொடங்குவது? வடக்கே. ஏப்ரல் நடுவில் இரவு 9 மணிக்கு வடக்கு நோக்கி நின்றால் சப்தரிஷி மண்டலம் அதன் உச்சத்தை நெருங்கியிருக்கும், காம்பு வளைந்த கரண்டியைக் கவிழ்த்துப் பிடித்த மாதிரி. பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருப்பவர்களுக்குத் தாழ்வாக, வடக்கே போகப் போக உயரமாக. மார்ச் நடுவில் இதே காட்சி 11 மணிக்கு, மே நடுவில் 7 மணிக்கு, ஏனென்றால் நட்சத்திரங்கள் தினமும் 4 நிமிடம் முன்னதாகவே வந்துவிடும்.

காம்பில் நடுவில் இருப்பது வசிஷ்டர். அதை ஒட்டி மங்கலாக ஒன்று தெரிகிறதா? அது அருந்ததி. இந்தப் பெயரைக் கேட்காதவர்கள் கிடையாது, கண்ணால் பார்த்தவர்கள்தான் குறைவு, கூட்டத்தில் கையைத் தூக்கச் சொன்னால் பத்துக்கு ஒருவர் தேறுவது கஷ்டம். தொலைநோக்கியில் பார்த்தால் வசிஷ்டரே இரண்டாகப் பிரியும். கண்ணுக்கு இரண்டு, தொலைநோக்கிக்கு மூன்று, நிறமாலையையும் சேர்த்து ஆராய்ந்தவர்களின் கணக்கில் மொத்தம் ஆறு.

இப்போது அந்தக் காம்பின் வளைவை அப்படியே நீட்டுங்கள். கையை நேராக நீட்டி முஷ்டியை மடக்கினால் அதன் அகலம் ஏறக்குறைய 10 டிகிரி. காம்பு நுனியிலிருந்து மூன்று முஷ்டி தள்ளி, கிழக்கு வானத்தில் ஆரஞ்சு நிறத்தில் ஒன்று நிற்கும். அது சுவாதி. வளைவை விடாமல் இன்னும் மூன்று முஷ்டி போனால், தென்கிழக்கில் நீலம் கலந்த வெள்ளையில் சித்திரை, மாதமல்ல, நட்சத்திரம். இந்த இரண்டையும் பிடித்துவிட்டால் வசந்த வானத்தில் பாதி கைக்குள் வந்த மாதிரி. நிறத்தை மறுபடி ஒப்பிட்டுப் பாருங்கள். சுவாதி வயதாகி ஊதிப்போன நட்சத்திரம், மேற்பரப்பு சூரியனைவிடக் குளிர்ச்சி, அதனால் ஆரஞ்சு. சித்திரை கடும் சூடு, ஒன்றல்ல, நெருங்கிச் சுற்றும் இரட்டை, 4 நாளில் ஒரு சுற்று.

சுவாதியைப் பற்றிக் காட்சியில் நான் தவறாமல் சொல்லும் ஒரு கதை. 1933இல் சிகாகோவில் நடந்த உலகக் கண்காட்சியின் விளக்குகளை சுவாதியின் ஒளியை வைத்தே ஏற்றினார்கள். தொலைநோக்கியில் சேர்த்த ஒளியை ஒளிமின்கலத்தில் விழவைத்து, அதில் வந்த மின்சாரத்தைப் பெருக்கி, சுவிட்சைத் தட்டினார்கள். ஏன் சுவாதி என்றால், அதே ஊரில் முந்தைய கண்காட்சி நடந்தது 1893இல், சுவாதியின் தூரம் 40 ஒளியாண்டு என்று அப்போது கணக்கு, அந்தக் கண்காட்சியின்போது கிளம்பிய ஒளி இந்தக் கண்காட்சியைத் திறந்துவைக்கிறது என்பது யோசனை. இன்றைய அளவீட்டில் தூரம் 37 ஒளியாண்டுதான். மூன்று வருடம் உதைக்கிறது, இருந்தாலும் கதை எனக்குப் பிடிக்கும்.

சிம்மம் சுலபம். தலைக்கு மேலே, கொஞ்சம் தெற்கே, கேள்விக்குறியை இடவலம் திருப்பிப் போட்ட வடிவம், அதன் அடிப்புள்ளி மகம். சிங்கத்தின் வால் பக்கம் உத்திரம். சூரியனும் நிலவும் கோள்களும் போகும் பாதை மகத்தையும் சித்திரையையும் கிட்டத்தட்ட உரசிக்கொண்டு போகிறது, அதனால் அந்தப் பாதையில் நட்சத்திர வரைபடத்தில் இல்லாத ஒரு பிரகாசமான புள்ளி மினுக்காமல் நின்றால் அது கோளாகத்தான் இருக்கும். வரிசையாக ரயில் பெட்டி மாதிரி விளக்குகள் நகர்ந்தால் அது புதிதாக ஏவிய ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்கள், 2019 மே மாதத்தில் முதல் தடவையாக 60 ஏவியதிலிருந்து எனக்கு இரவு நேரத் தொலைபேசி அழைப்புகள் கூடிவிட்டன.

துருவ நட்சத்திரம்தான் வானத்திலேயே பிரகாசமானது என்று நினைத்துக்கொண்டு வருபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். இல்லை, வரிசைப்படி அது 50ஆவது இடத்துக்குப் பக்கம்.

சரி, கேலக்ஸிகளுக்கு வருவோம். உத்திரத்துக்கும் சித்திரைக்கும் சுவாதிக்கும் நடுவே கண்ணுக்கு ஏறக்குறைய வெறுமையாகத் தெரிகிற பகுதியில்தான் கன்னிக் கொத்து இருக்கிறது, ஆயிரத்துக்கும் மேற்பட்ட கேலக்ஸிகள், தூரம் சுமார் 5.4 கோடி ஒளியாண்டு. அதில் ஒன்று எம்87. 2019 ஏப்ரல் 10 அன்று ஒரு கருந்துளையின் நிழல் படம் முதல்முறையாக வெளியானதே, ஆரஞ்சு வளையம், அது இந்த எம்87இன் நடுவில் இருப்பது. சிறிய தொலைநோக்கியில் எப்படி இருக்கும்? கண்ணாடியில் விரல் பட்ட கறை மாதிரி. முன்பெல்லாம் நேரே காட்டிவிடுவேன், ஏமாந்த முகத்தோடு நகர்ந்து போவார்கள். இப்போது முதலில் சொல்லிவிடுகிறேன்: நீங்கள் பார்க்கப் போகிற ஒளி, டைனோசர்கள் அழிந்து 1 கோடி ஆண்டுக்கு மேல் கழித்துக் கிளம்பியது, வழியில் எதிலும் மோதாமல் வந்து உங்கள் கண்ணுக்குள் முடியப்போகிறது. அப்புறம் வரிசை நகரவே மாட்டேன் என்கிறது.

அந்தக் கறையைப் பார்க்கக் கண் தயாராக வேண்டும், என் அனுபவத்தில் முக்கால்வாசிப் பேர் தோற்பது இங்கேதான். இருட்டுக்குக் கண் பழக 20 முதல் 30 நிமிடம் ஆகும். கண்ணின் பாவை விரிவது ஒரு நிமிட வேலை, விழித்திரையில் இருக்கும் ரோடாப்சின் என்ற நிறமி திரும்பச் சேர்வதுதான் அரை மணி நேர வேலை, வெள்ளை வெளிச்சம் பட்டால் சேர்ந்ததெல்லாம் சில நொடியில் கலைந்துவிடும். வானவரைபட ஆப் பார்க்கிறேன் என்று கைபேசியைத் திறந்தால் மறுபடி முதலிலிருந்து. சிவப்பு வெளிச்சம் மட்டும் பரவாயில்லை, திரையைச் சிவப்பாக மாற்றி வெளிச்சத்தை அடிமட்டத்துக்கு இறக்குங்கள். இன்னொன்று, மங்கலான பொருளை நேராக முறைக்காதீர்கள், கொஞ்சம் தள்ளிப் பாருங்கள். விழித்திரையின் நடுப்புள்ளியில் இருட்டில் வேலை செய்யும் செல்களே கிடையாது, ஓரக்கண்ணுக்குத்தான் அது தெரியும்.

தொலைநோக்கி வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு: அவசரப்பட வேண்டாம். பெட்டியில் 525 மடங்கு பெரிதாகக் காட்டும் என்று போட்டிருந்தால் அப்படியே வைத்துவிட்டு வாருங்கள். வில்லையின் விட்டம் எத்தனை மில்லிமீட்டரோ அதைப்போல இரண்டு மடங்குதான் உருப்படியான உருப்பெருக்கம், 60 மில்லிமீட்டர் என்றால் 120, அதற்கு மேல் வெறும் மங்கல். முதலில் ஒரு 7×50 அல்லது 10×50 பைனாகுலர் போதும் (முதல் எண் உருப்பெருக்கம், இரண்டாவது வில்லையின் விட்டம் மில்லிமீட்டரில்). அதைச் சிம்மத்துக்கு மேற்கே, புனர்பூசத்தின் இரட்டை நட்சத்திரங்களுக்குப் போகும் வழியில் திருப்பினால் பூசம் பக்கத்தில் ஒரு நட்சத்திரக் கொத்து கிடைக்கும். வெறும் கண்ணுக்குப் புகை, பைனாகுலரில் கொட்டி வைத்த மணிகள். கலிலியோ 1610இல் தன் சிறு குழாயில் 40க்கும் மேல் எண்ணினார், நீங்கள் அதைத் தாண்டலாம்.

பைனாகுலர் பற்றிக் கண்டிப்பாக ஒரு எச்சரிக்கை. மாலையில் மெல்லிய பிறையைத் தேடுகிறேன் என்று சூரியன் முழுதாக மறைவதற்கு முன்பே பைனாகுலரைத் தூக்குகிறார்கள். தேடும் இடத்துக்குப் பக்கத்திலேயே சூரியன் இருக்கும், ஒரு விநாடி அது உள்ளே வந்தால் விழித்திரை கருகும், வலிக்காது, அதனால் அப்போது தெரியவும் தெரியாது. சூரியன் மறைந்ததை வெறும் கண்ணால் உறுதி செய்துகொண்ட பிறகுதான் எடுக்க வேண்டும். குழந்தைகள் கையில் இருந்தால் இன்னும் கவனம்.

விண்கல் மழையில் எண்ணிக்கையை நம்பி ஏமாறாதீர்கள். ஏப்ரல் 22ஐ ஒட்டி லைரிட்ஸ், மணிக்கு 18 என்பார்கள். மே 5, 6இல் ஈட்டா அக்வாரிட்ஸ், மணிக்கு 50 என்பார்கள், அது ஹாலி வால்நட்சத்திரம் விட்டுப்போன தூசி. இந்த எண்கள் கும்மிருட்டில், விண்கற்கள் கிளம்பி வருவதுபோலத் தெரியும் புள்ளி தலைக்கு நேர் மேலே இருந்தால் கிடைக்கும் எண்கள். நகர வெளிச்சத்தில் இரண்டு மூன்று கிடைத்தாலே பெரிது. இரண்டுக்கும் நள்ளிரவுக்குப் பின்தான் நல்ல நேரம், அக்வாரிட்ஸுக்கு விடியலுக்கு முந்தைய இரண்டு மணி நேரம்.

கடைசியாக, சுவாதிக்குக் கீழே கிழக்கில் ஏழு நட்சத்திரங்கள் அரைவட்டமாக நிற்கும், வடமுடி என்று சொல்வது. அதை ஒட்டி டி கொரோனே போரியாலிஸ் என்று ஒரு நட்சத்திரம் இருக்கிறது, சாதாரணமாகக் கண்ணுக்குத் தெரியாது. 1866இல் வெடித்துப் பளிச்சென்றது, மறுபடி 1946இல். வெடித்தால் ஏறக்குறைய துருவ நட்சத்திரம் அளவுக்குப் பிரகாசம், அதுவும் சில நாட்கள்தான். 80 ஆண்டு இடைவெளி என்று வைத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள். அந்த அரைவட்டத்தை இந்த வசந்தத்தில் நான்கைந்து இரவு பார்த்து வடிவத்தை மனதில் ஏற்றிக்கொண்டால், ஓரத்தில் எட்டாவதாக ஒன்று முளைத்த அன்று யாரும் சொல்லாமலே உங்களுக்குத் தெரிந்துவிடும்.