கறுப்பு கேரட் சிவப்பாகும் ரகசியம்

டெல்லி, லக்னோ பக்கம் குளிர்காலத்தில் காய்கறிச் சந்தைக்குப் போனால் அல்வாவுக்கான நீளச் சிவப்பு கேரட்தான் மலைபோல் குவிந்திருக்கும். பக்கத்தில் எங்கேயாவது சின்னக் குவியலாக இன்னொன்று கிடக்கும், மண் ஒட்டிக்கொண்டு, பீட்ரூட்டைவிடக் கறுப்பாக. அதுதான் காலி காஜர், கறுப்பு கேரட். நறுக்கினால் விரல், கத்தி, பலகை எல்லாம் ஊதா. நகக்கண்ணில் ஏறிய சாயம் ரெண்டு கழுவலுக்கும் போகாது.

பார்க்கப் புதுசாக இருந்தாலும் இதுதான் பழைய கேரட். மத்திய ஆசியாவில், இன்றைய ஆப்கானிஸ்தானை ஒட்டிய பகுதிகளில் மனிதர்கள் முதலில் பயிரிட்டவை ஊதாவும் மஞ்சளும்தான். நாம் ஊட்டி கேரட் என்று வாங்கும் ஆரஞ்சு வகை ஐரோப்பாவில் 16, 17ஆம் நூற்றாண்டுகளில் பரவி, அப்புறம் நீலகிரிக்கு ஏறியது.

ஆரஞ்சு கேரட்டுக்கு நிறம் தருவது பீட்டா கரோட்டின். அது எண்ணெயில்தான் கரையும், அதனால் சாம்பாரில் போட்டாலும் தண்ணீருக்கு இறங்காமல் காயிலேயே நிற்கிறது. கறுப்பு கேரட்டில் இருப்பது ஆந்தோசயனின். நாவல் பழம் தின்றால் நாக்கில் ஒட்டுகிறதே, அந்தக் குடும்பத்துச் சாயம். செல்லுக்குள் இருக்கும் நீர்ப்பையில் கரைந்து கிடக்கும், கத்தி பட்டுச் செல் உடைந்தால் வெளியே வழியும்.

இந்தச் சாயம் சுற்றியிருக்கும் புளிப்பைப் பொறுத்து நிறம் மாறும். புளிப்பில் சிவப்பு, புளிப்பு குறைந்தால் ஊதா, சோடா உப்பு போட்டால் நீலம். சங்குப்பூ டீயில் எலுமிச்சை பிழிந்து பார்த்தவர்களுக்கு இது தெரிந்த கதைதான். மூலக்கூறின் நடு வளையத்தில் மின்னூட்டம் மாறுவதால், அது விழுங்கும் ஒளியும் மாறுகிறது. மற்ற பழங்களின் ஆந்தோசயனின் பலதும் சீக்கிரம் வெளுத்துப்போகும். கறுப்பு கேரட்டில் பெரும்பங்கு சாயத்துக்கு ஒரு வால் ஒட்டியிருக்கிறது, ஃபெருலிக், சினாபிக் போன்ற அமிலங்கள். அந்த வால் மடங்கி வளையத்தின் மேல் படுத்துக்கொள்வதால் தண்ணீர் புகுந்து சாயத்தைச் சிதைப்பது கடினம். ஜூஸ், மிட்டாய் கம்பெனிகள் செயற்கைச் சிவப்புக்குப் பதிலாகக் கறுப்பு கேரட் சாறைத் தேடிப் போவதற்கு இதுதான் காரணம்.

வடக்கே காஞ்ஜி என்று ஒரு புளிப்புப் பானம் போடுவார்கள், ஹோலி நெருங்கும் சமயத்தில் அதில் வடை ஊறப்போட்டும் சாப்பிடுவார்கள். 2 லிட்டர் தண்ணீர், விரல் நீளத்துக்கு நறுக்கிய அரை கிலோ கேரட், 50 கிராம் கல்லுப்பு, மூன்று மேசைக்கரண்டி கடுகைக் கொரகொரவென்று பொடித்தது, கொஞ்சம் மிளகாய்த்தூள். ஜாடியில் போட்டுத் துணி கட்டி வெயிலில் வைத்தால் சரி. நம் ஊர் வெப்பத்துக்கு மூன்று நாளே அதிகம், டெல்லிக் குளிரில் ஒரு வாரம் வரை இழுக்கும்.

ஜாடிக்குள் நடப்பது இட்லி மாவில் நடப்பதற்கு நெருங்கிய சொந்தம். கேரட் தோலிலேயே லாக்டிக் அமில பாக்டீரியாக்கள் உண்டு. உப்பு மற்ற கிருமிகளை அடக்க, இவை கேரட்டின் சர்க்கரையைத் தின்று அமிலம் விடும். முதலில் வருவது பெரும்பாலும் லியூகோனோஸ்டாக், இட்லி மாவைப் பொங்கவைக்கும் அதே ஆள், குமிழி கிளம்புவது அதனால்தான். புளிப்பு ஏற ஏற அது ஓய்ந்து, புளிப்பைத் தாங்கும் லாக்டோபேசில்லஸ் வகைகள் பொறுப்பெடுக்கும். பொடித்த கடுகிலிருந்து கிளம்பும் கார நெடி பூஞ்சையையும் ஈஸ்டையும் அண்டவிடாது. முதல் நாள் மங்கிய ஊதாவாக இருந்த தண்ணீர் இப்படிப் புளிக்கப் புளிக்க மாணிக்கச் சிவப்பாகிவிடும். சிலர் கேரட்டை வேகவைத்துப் போடச் சொல்கிறார்கள். தோலில் இருக்கும் பாக்டீரியாவைக் கொன்றுவிட்டு எதை நம்பி வெயிலில் வைப்பது?

கறுப்பு கேரட் கிடைக்காதவர்கள் ஆரஞ்சு கேரட்டோடு பீட்ரூட் சேர்ப்பார்கள். நிறம் வரும், ஆனால் பீட்ரூட்டின் பீட்டாலைன் வேறு சாயம், முதல் நாளே சிவப்பு, இந்த வித்தையெல்லாம் அதில் இல்லை.

அல்வாவில் கதை தலைகீழ். பாலில் புளிப்பு மிகக் குறைவு என்பதால் கறுப்பு கேரட் அல்வா கிண்டக் கிண்ட மங்கி, கடைசியில் கருப்பட்டி நிறத்துக்கு வந்து நிற்கும். எலுமிச்சை பிழிந்து நிறத்தைக் காப்பாற்றலாமே என்றால் பால் திரிந்துவிடும். சிவப்பு கேரட்டில் இருப்பது தக்காளியின் லைக்கோபீன், கொழுப்பில் கரைவது, அதனால்தான் அந்த அல்வாவின் ஓரத்தில் பிரியும் நெய்கூடச் செம்மஞ்சளாக மின்னும். கண்ணுக்கு அதுதான் அழகு. ருசியில் என் ஓட்டு கறுப்புக்கே, அந்த லேசான மண்வாசனை பாலோடு சேரும்போது வேறு மாதிரி.

வளர்க்க நினைப்பவர்களுக்கு: வேர் நன்றாக நிறம் பிடிக்க 15 முதல் 20 டிகிரி வரையான குளிர்ச்சி வேண்டும். வடக்கே செப்டம்பர் வாக்கில் விதைத்துக் குளிர்காலத்தில் பிடுங்குகிறார்கள். நம் சமவெளியில் மழை ஓய்ந்ததும் விதைத்தால் மார்கழி, தைக் குளிராவது கிடைக்கும், நிறம் கொஞ்சம் முன்பின்னாகத்தான் வரும். நாற்று விட்டுப் பிடுங்கி நட்டால் நுனி வேர் அறுந்து கேரட் கவைபோலப் பிளந்துவிடும், நேரடியாகத் தூவவேண்டும். கல்லும் மக்காத சாணமும் இருந்தாலும் அதே கதி. இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் வெளியிட்ட பூசா ஆசிதா என்ற கறுப்பு ரகமும் உண்டு.

ஆரஞ்சு போன்ற ஐரோப்பிய வகைகள் நல்ல குளிர் கண்டால்தான் பூக்கும், அவற்றின் விதையை மலையில்தான் எடுக்க முடியும். கறுப்பு, சிவப்பு போன்ற ஆசிய வகைகளுக்கு வடக்கின் சமவெளிக் குளிரே போதும், அதனால் அங்கே விவசாயிகள் தாங்களே விதை எடுத்து இத்தனை காலம் காப்பாற்றி வந்திருக்கிறார்கள். நல்ல வேராகப் பொறுக்கி, அடிப்பாதியை நறுக்கி நிறம் சரிபார்த்து, தலைப்பகுதியைத் தழை குறைத்துத் திரும்ப நடுவார்கள். குடை மாதிரிப் பூ வரும், தேனீ மொய்க்கும். பக்கத்து வயலில் சிவப்பு கேரட் பூத்திருந்தால் கலந்துவிடும், ஒரு கிலோமீட்டராவது தள்ளி இருக்கவேண்டும். முதலில் விரியும் நடுக்குடையின் விதையே தரமானது, அதைத் தனியாக எடுத்து, உள்ளங்கையில் தேய்த்து முள்முடியை உதிர்த்துவிட்டு, ஈரம் படாமல் வைத்தால் அடுத்த பருவத்துக்கு ஆகும்.